கிளட்ச் மிதிக்கத் தெரியாத பொண்ணு

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் ஒரு கார் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. அதற்குள் ஒரு ஆள் இடுப்பு வரைக்கும் கவிழ்ந்து கிடந்தார். வெளியே தெரிந்தது ஒரு லுங்கியும் ரெண்டு காலும் மட்டும்.

அந்தக் கால் என்னுடையது.

எங்கள் தெரு கோயிலுக்குப் போகிற வழி. போகிறவர்கள் எல்லாரும் என் காலைப் பார்த்து, "என்னங்க, வண்டி மக்கர் பண்ணுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நின்று பதில் கேட்டவர் ஒருவரும் இல்லை.

பிள்ளைங்களா, நான் போட்டோ பிரேம் கடைக்காரன். என்னை எதற்குக் கார் இஞ்சினுக்குள் தேட வேண்டியிருக்கிறது? சொல்கிறேன்.

என் பொண்ணு தேன்மொழி விவசாயப் படிப்பு முடித்தவள். சொட்டு நீர்க் குழாய் விற்கிற கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. மருங்காபுரி பக்கம் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பார்க்கிற வேலை. கம்பெனியே கார் கொடுக்கும். ஆனால் வருகிற ஒண்ணாம் தேதி சேரும்போது கையில் டிரைவிங் லைசென்ஸ் இருக்க வேண்டும். இல்லையென்றால் வேலை அடுத்த ஆளுக்கு.

பழகுகிறவர்களுக்குக் கொடுக்கிற எல்.எல்.ஆர். ஏற்கெனவே வாங்கியாயிற்று. டெஸ்ட்டுக்கு டிரைவிங் ஸ்கூல் காரிலேயே போகிறேன் என்றாள். நான்தான், "நம்ம வீட்டு வண்டி இருக்கறப்ப அடுத்தவன் வண்டி எதுக்கு?" என்று எங்கள் பழைய காரைக் கொடுத்து அனுப்பினேன்.

ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார்கள். கர்ர்ர்... கியர் விழவில்லை. இன்னொரு தடவை... கர்ர்ர்ர். மூன்றாவது தடவை வண்டியே நின்றுவிட்டது. பழகிக்கொண்டு மறுபடி வரச் சொல்லிவிட்டார்கள். அடுத்த தேதி, போன செவ்வாய்க்கிழமை.

இந்த இடத்தில் கிளட்ச் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த அளவுக்குத்தான். நான் பத்தாவது வரைக்கும் படித்தவன்.

இஞ்சின் பக்கம் ஒரு தட்டு, சக்கரத்தின் பக்கம் ஒரு தட்டு. ரெண்டும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகச் சுற்றினால்தான் வண்டி போகும். கியர் மாற்றும்போது மட்டும் ரெண்டையும் ஒரு நொடி பிரிக்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் இடது காலில் ஒரு மிதி. எங்கள் கார் மாதிரி பழைய கார்களில் மிதியிலிருந்து இஞ்சின் பக்கம் போவது ஒரு கேபிள். சைக்கிள் பிரேக் கம்பிக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டு சரியாகப் பிரியவில்லை என்றால் கியர் கடிக்கும். சரியாக ஒட்டவில்லை என்றால் இஞ்சின் மட்டும் கத்தும், வண்டி நகராது.

ரெண்டையும் ஒரே நாளில் பார்த்த பாக்கியவான் நான்.

நான் ஓட்டினால் கியர் சத்தமே இல்லாமல் விழும். தேன்மொழி ஓட்டினால் கடிக்கும். ஒரே வண்டி, ஒரே கிளட்ச். வேறு என்ன முடிவுக்கு வருவேன்? அவளுக்கு மிதிக்கத் தெரியவில்லை.

"முழுசா மிதிம்மா. முழுசான்னா முழுசா."

"முழுசாதான்ப்பா மிதிக்கிறேன். இதுக்கு மேல இறங்கல."

"எனக்கு இறங்குதே?"

"ஸ்கூல் கார்ல எனக்கும் இறங்குதே."

"அங்க வாத்தியார் காலுக்குக் கீழயும் ஒரு கிளட்ச் இருக்குல்ல. உனக்குப் பதிலா அவர் மிதிக்கிறார்."

இதை வீட்டுக்குள் சொல்லவில்லை. தெருவில் நின்று சொன்னேன். எதிர்வீட்டு ஆரோக்கியசாமி சார் கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காலேஜில் பிசிக்ஸ் லேபில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவர் சிரித்ததும் நான் இன்னும் ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னேன். ஒருத்தர் சிரித்துவிட்டால் நம் வாய் எப்படி நீளுகிறது, கவனித்திருக்கிறீர்களா?

தேன்மொழி சாவியைப் பானெட் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை மதியம் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்தக் கம்பெனிக்கு நான் வரலைன்னு போன் பண்ணிடறேன்ப்பா. எனக்கு இது வராது போல."

நாலு வருஷம் படித்த பொண்ணு. நான் ரசம் ஊற்றின தட்டைத் தள்ளி வைத்தேன்.

என் மனைவி சாந்தி கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டாள். "ஏங்க, நாளைக்கு முதல்ல வண்டியைப் பாருங்க. அப்புறம் பொண்ணைச் சொல்லலாம்."

ஞாயிற்றுக்கிழமை எந்த மெக்கானிக் கடை திறந்திருக்கும்? அதனால் என்ன, இருபது வருஷமாக ஸ்கூட்டர் கிளட்ச் கேபிளை நானே டைட் வைக்கிறேன். கார் கேபிள் மட்டும் என்ன பெரிய...

போனில் ஒரு வீடியோ பார்த்தேன். அந்த ஆள் நாலு நிமிஷத்தில் முடித்துவிட்டார். அவர் இஞ்சின் மேல் தோசை ஊற்றலாம், அவ்வளவு சுத்தம். என் இஞ்சினில் எலி குடித்தனம் நடத்திவிட்டுக் காலி செய்த அடையாளம் இருந்தது. அவர் காரில் கேபிள் முனை கண்ணுக்கு முன்னால் நின்றது. என் காரில் அது பேட்டரிக்கு அடியில். பேட்டரியைக் கழட்டப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் வேண்டும். என்னிடம் பத்தைத் தவிர எல்லா நம்பரும் இருந்தது. எல்லா வீட்டிலும் இதே கதைதானாமே?

ஆரோக்கியசாமி சாரிடம் கேட்டேன். ஸ்பேனர் வந்தது. கூடவே அவரும் வந்தார்.

கேபிள் முனையில் ரெண்டு நட். ஒன்றை முடுக்கினால் கேபிள் இழுபடும். இன்னொன்று அதை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். ரெண்டும் துருப்பிடித்து ஒன்றாகிக் கிடந்தன. தேங்காய் எண்ணெய் விட்டு அரை மணி நேரம் காத்திருந்தேன். அசைந்தது. நட் மட்டுமில்லை, என் கட்டைவிரல் தோலும்.

ஒரு சுற்று முடுக்கினேன். பேட்டரியை மாட்டினேன். தேன்மொழி ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து மிதித்தாள். கர்ர்ர்.

பேட்டரியைக் கழட்டு. இன்னொரு சுற்று. பேட்டரியை மாட்டு. கர்ர்ர்.

மூன்றாவது சுற்றுக்கு வெயில் முதுகில் ஏறிவிட்டது. ஆரோக்கியசாமி சார் நிழலில் நின்று சொன்னார்: "பழனி, மிதி மேலாக ஒரு ரெண்டு விரல் அளவு சும்மா லூசா இறங்கணும்ப்பா. அதுக்கப்புறம்தான் பிடிக்கணும். அந்த லூசையும் இழுத்துட்டீன்னா வம்பு."

"சார், மொதல்ல கியர் விழட்டும். அளவெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

நாலாவது சுற்று. தேன்மொழி மிதித்தாள். ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது. மறுபடி போடச் சொன்னேன். விழுந்தது. சாந்தி எல்லாருக்கும் காபி கொண்டுவந்தாள். நான் கையில் கிரீஸோடு டம்ளரை வாங்கி, ஏதோ ராக்கெட் விட்டவன் மாதிரி நின்றேன்.

"அப்ப நான் மிதிச்சது சரிதானேப்பா?" என்றாள் தேன்மொழி.

"சரி சரி, ஏறு. பாலம் தாண்டி ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."

அவள் கேட்டதற்கு இது பதிலா? இல்லை. பெரியவர்கள் இப்படித்தான் தப்பிப்போம். கவனித்து வையுங்கள்.

காவிரிப் பாலம் வரைக்கும் நன்றாகப் போனது. தாண்டி மேம்பாலத்தில் ஏறினோம். பாதி ஏற்றத்தில் இஞ்சின் கத்த ஆரம்பித்தது. வண்டி நகரவில்லை. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சத்தம் மட்டும் ஏறியது. பிறகு ஒரு நாற்றம்... ரப்பரும் கரியும் சேர்ந்து எரிகிற மாதிரி.

பின்னால் டவுன் பஸ். ஹாரன். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "என்னம்மா, வண்டி தூங்கிருச்சா? எழுப்பிக் கூட்டிட்டுப் போம்மா" என்றார்.

நான் வழக்கம் போல ஆரம்பித்தேன். "கிளட்ச்சுலேர்ந்து காலை எடு."

"எடுத்துட்டேன்ப்பா."

"எடுக்கல. பாதி மிதிச்சுக்கிட்டே இருக்க."

அவள் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். இடது காலைத் தூக்கி சீட் மேல் மடித்து வைத்தாள். "இப்ப யாருப்பா மிதிக்கிறா?"

கியர் விழுந்தே இருக்கிறது. ஹேண்ட் பிரேக் போட்டுக் காலை எடுத்தால் இஞ்சின் அணைய வேண்டும்; அணையாமல் உறுமுகிறது. வண்டி நிற்கிறது. அவள் கால் சீட் மேல் இருக்கிறது.

பஸ் ஒதுங்கிப் போனதும் வண்டியை மெதுவாகப் பின்னால் உருளவிட்டு, அடிவாரத்தில் ஓரம் கட்டினோம். இறங்கிப் பார்க்கலாம் என்றேன். தேன்மொழி கதவைத் திறந்தாள், இறங்கவில்லை. குனிந்து கீழே துழாவினாள்.

"என்ன?"

"செருப்பு ஒண்ணைக் காணோம்ப்பா."

நான் சுற்றி வந்து கையை விட்டுப் பார்த்தேன். கறுப்பு மேட், கறுப்புச் செருப்பு. கண்ணுக்குத் தெரியவில்லை, கைக்குத் தட்டுப்பட்டது. கிளட்ச் மிதிக்குப் பின்னால், தரைக்கும் மிதிக்கும் நடுவே, ஆப்பு வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. மேலே மிதியின் தடம் பள்ளமாகப் பதிந்திருந்தது. ஒரு நாள் தடம் இல்லை அது.

விஷயம் புரிந்ததா? அவள் முழுசாகத்தான் மிதித்திருக்கிறாள். செருப்பு வரைக்கும் முழுசாக.

சரி, செருப்பு ஏன் காலில் இல்லாமல் அங்கே கிடந்தது? எங்கள் காரில் ஒரு சட்டம். முன்னால் சமயபுரத்து அம்மன் படம் இருக்கிறது. சாமி படத்துக்கு பிரேம் போட்டுப் பிழைக்கிற குடும்பம். அதனால் செருப்புக் காலோடு வண்டி ஓட்டக் கூடாது, கழட்டி வைத்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். சட்டம் போட்டவர் யார்? வேறு யார், இந்தப் பத்தியை எழுதுகிறவர்தான். ஸ்கூல் காரில் அந்தச் சட்டம் இல்லை. செருப்பு காலிலேயே இருந்தது. அங்கே கியர் விழுந்தது.

எனக்கு மட்டும் ஏன் கடிக்கவில்லை? எனக்கு வீட்டுக்கு ஒரு ஜோடி, கடைக்கு ஒரு ஜோடி. வாசலில் கழட்டிவிட்டு வெறுங்காலோடு ஏறுவேன். கழட்டின செருப்பை எங்கே வைக்க வேண்டும் என்று மட்டும் அவளுக்கு நான் சொன்னதே இல்லை.

தேன்மொழி செருப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். மெதுவாகக் கேட்டாள்:

"அப்பா, இது பிரேக்குக்குக் கீழ போயிருந்தா?"

கியர் கடித்தால் சத்தம்தான் வரும். பிரேக் இறங்கவில்லை என்றால்?

வண்டி சூடு ஆறுகிற வரைக்கும் நிழலில் நின்றோம். பிறகு மாடு மேய்க்கிற வேகத்தில் வீடு வந்தோம். மறுபடி பேட்டரியைக் கழட்டினேன். செருப்பு தடுத்த தூரத்தையும் சேர்த்து இழுக்கிற அளவுக்கு நான் முடுக்கி வைத்திருந்த கேபிள், கால் எடுத்த பிறகும் தட்டை ஒட்டவிடாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஆரோக்கியசாமி சார் ஒரு ஸ்கேலை எடுத்துவந்து மிதிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்..." என்றார். மிதி ரெண்டு விரல் லூசாக இறங்குகிற இடத்தில் நிறுத்தினேன்.

எத்தனை சுற்று தளர்த்தினேன் தெரியுமா? நாலு. அதாவது, காலையில் நான் கை வைப்பதற்கு முன்னால் கேபிள் சரியாகத்தான் இருந்தது.

இப்போது கஷ்டமான வேலை பாக்கி. ஸ்பேனருக்கு அடங்காத வேலை. அடுப்படியில் போய் "சாரிம்மா" என்று முணுமுணுத்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் தெருவில் திட்டியதற்கு அடுப்படியில் மன்னிப்புக் கேட்டால் போதுமா? தேன்மொழியை வெளியே கூப்பிட்டேன்.

"சார், அன்னிக்கு இவளுக்கு மிதிக்கத் தெரியலன்னு சொன்னேன்ல. இவ சரியாதான் மிதிச்சிருக்கா. தப்பு என்னோடது."

ஆரோக்கியசாமி சார் ஸ்கேலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தேன்மொழி பக்கம் வந்தார். "நானும் சிரிச்சேன்மா. அது எனக்கு உறுத்திக்கிட்டேதான் இருந்துச்சு."

"பரவால்ல அங்கிள்," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "வாத்தியார் மிதிக்கிறார்னு சொன்னீங்களே, அதையும் சேத்துத் திருப்பி வாங்கிக்கங்கப்பா."

வாங்கிக்கொண்டேன்.

பிள்ளைங்களா, உங்கள் அப்பாவிடமோ அம்மாவிடமோ ஒன்று சொல்லுங்கள். ஓட்டுகிறவர் காலடியில் செருப்பு, தண்ணீர் பாட்டில், பை, எதுவும் கிடக்கக் கூடாது. நீங்கள் சொன்னால் "எங்களுக்குத் தெரியும், போ" என்பார்கள். இன்னொரு தடவை சொல்லுங்கள். அப்பாக்கள் ஒரே தடவையில் கேட்கிற சாதி இல்லை. நீங்கள் சொல்வது சரி என்று உங்களுக்குத் தெரிந்தால், தேன்மொழி மாதிரி காலைத் தூக்கி சீட் மேல் வைத்துக் காட்டுங்கள். வண்டி நிற்கும்போது மட்டும்.

செவ்வாய்க்கிழமை டெஸ்ட். அம்மனிடம் சொல்லிவிட்டுச் செருப்பைக் காலிலேயே மாட்டிக்கொண்டு ஓட்டினாள். வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். ரிவர்ஸ் போடுகிற இடம் வந்தபோது காதைத் தீட்டிக்கொண்டேன். ஒரு சத்தமும் இல்லை. வண்டி அப்படியே பின்னால் வந்தது.

பாஸ். லைசென்ஸ் ஒண்ணாம் தேதிக்கு முன்னால் வந்துவிடும் என்றார்கள்.

திரும்பி வரும்போதும் அவள்தான் ஓட்டினாள். போன ஞாயிற்றுக்கிழமை நின்ற அதே மேம்பாலம். நான் பக்கத்து சீட்டில், இல்லாத பிரேக்கை ரெண்டு காலாலும் மிதித்துக்கொண்டு, "மெதுவா... பஸ் வருது... செகண்டு போடு..." என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

அவளுக்கு லைசென்ஸ் வந்துவிடும். பக்கத்து சீட்டில் சும்மா உட்கார ஒரு லைசென்ஸ் உண்டென்றால், அதில் நான் இன்னும் எல்.எல்.ஆர்.தான்.