லோஷன் பூசின தலையும் கோட்டை மானும்

கலியாணம் பேசிவந்த கனடா மாப்பிள்ளைக்கு அனுப்ப இண்டைக்குக் கோட்டை வாசலில படம் எடுத்தம்.

கடல் காத்துக்கு என்ர தலைமயிர் தும்பு மாதிரி எழும்பி நிண்டது. ஹேண்ட்பேக்கில கிடந்தது உடம்புக்குப் பூசுற வெள்ளரிக்காய் லோஷன்தான். அதையே அள்ளித் தலையில தேய்ச்சன். அப்பிடியே படிஞ்சிட்டுது!

"அசையாத, சிரி" எண்டு அக்கா போனைத் தூக்கினா.

சிரிச்சன். பின்னலை ஆரோ பிடிச்சு இழுத்த மாதிரி இருந்தது. திரும்பினா, கோட்டைக்குள்ள திரியிற மானில ஒண்டு பின்னல் நுனியைச் சப்பிக்கொண்டு நிக்குது!

பக்கத்தில வெள்ளரிக்காய் வித்த நானா சிரிச்சார்: "தங்கச்சி, இவ்வளவு நேரமும் என்ர கூடையைத்தான் சுத்தினது. இப்ப உங்கட தலையை விடுகுதில்ல!"

அக்கா என்னைக் கேக்காமலே, மான் பின்னலைச் சப்பேக்க எடுத்த படத்தைத்தான் அனுப்பியிருக்கிறா.

மாப்பிள்ளையின்ர பதிலும் வந்திட்டுது: "மான் நல்ல வடிவு."

சொல்லுங்கோ, லோஷனை மாத்தவோ, மாப்பிள்ளையை மாத்தவோ?