அருவிக்கு வழி சொன்னவர்

சாலைக் கடைவீதியில் நான் வேலை பார்த்த ஹார்டுவேர் கடையில் பில் போட ஒருவர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும், நாகர்கோவில் பக்கம். இடது காலை இழுத்து இழுத்து நடப்பார். எந்நேரமும் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருப்பார்.

விதுராவைத் தாண்டி மலையிடுக்கில் விழும் ஓர் அருவிக்கு ஞாயிற்றுக்கிழமை போய்வர கடைப் பையன்கள் நாங்கள் மூன்று பேர் திட்டமிட்டோம். ஒரு காலத்தில் அங்கே எஸ்டேட்டில் இருந்தவர் என்பதால் வழி அவருக்குத்தான் தெரியும். பில் தாளின் பின்பக்கம் படம் வரைந்து கொடுத்தார். அட்டைக் கடிக்கு உப்பும் புகையிலையும் வாங்கி வைத்தார்.

"மழை இருட்டினா பாறைய விட்டு மேல ஏறிரணும், கேட்டியளா மக்கா? வெள்ளம் சடார்னு வந்துரும். நானும் வாறேன், மெதுவா வந்துருவேன்" என்றார்.

அவரோடு போனால் தாமதமாகும். பஸ் எட்டு மணிக்கு என்று அவரிடம் சொல்லிவிட்டு நாங்கள் ஆறு மணிக்கே கிளம்பிவிட்டோம். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் அவர் பத்து மணிவரை நின்றாராம்.

திங்கட்கிழமை அவர் கோபப்படவில்லை. "வழி சரியா இருந்துதா மக்கா?" என்று மட்டும் கேட்டார்.

வழி இம்மியும் பிசகவில்லை. ஆனால் அவர் திட்டாதது எனக்கு எரிச்சலாக இருந்தது. "எல்லாம் தப்பு அண்ணாச்சி. ரெண்டு மணி நேரம் காட்டுல அலைஞ்சோம்" என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. "ஐயோ, பிள்ளையள அலைய விட்டுட்டேனே" என்றார்.

அதன்பின் பக்கத்துத் தெருவுக்கு யாராவது வழி கேட்டால்கூட, "எனக்கு இப்ப ஒண்ணும் ஓர்மையில்ல" என்று என்னைக் கைகாட்டிவிடுவார். நானும் வழி சொல்லி அனுப்புவேன். உண்மையை மட்டும் கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை.