நம்பர் போட்ட கவர்

தொண்ணூற்றொன்பதில் எனக்கு எட்டு வயது. அம்மா அரியலூரில் ஓர் அரசு ஆபீஸில் டெஸ்பாட்ச் வேலை பார்த்தாள். பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ். டெஸ்பாட்ச் என்றால் என்னவென்று கேட்ட பிள்ளைகளிடம், கலெக்டருக்கு அடுத்த பதவி என்று அளந்து வைத்திருந்தேன். யாரும் மறுக்கவில்லை, அவர்களுக்கும் தெரியாது.

பெரம்பலூர் ஆபீஸில் ஒரே ஓர் இடம் காலியானது. அம்மா மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தாள். கிடைத்தால் விளக்கு வைக்கும் நேரத்துக்கு அம்மா வீட்டில் இருப்பாள் என்று அப்பா சொல்லியிருந்தார். அதற்காகப் பிள்ளையாருக்குத் தினமும் பதினோரு தோப்புக்கரணம் போட்டேன்.

அரைப் பரீட்சை லீவில் ஒருநாள் அம்மா என்னையும் ஆபீஸுக்குக் கூட்டிப் போனாள். அதிகாரி கையெழுத்திட்ட கடிதத்துக்கு நம்பர் போடுவாள், தடி நோட்டில் பதிவாள், கவரில் வைத்து ஒட்டுவாள். டெஸ்பாட்ச் என்பது அவ்வளவுதான். கலெக்டருக்கு அடுத்த பதவி என்றது எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. அனுப்ப வேண்டாமென்று தோன்றினால் என்ன செய்வாய் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"நம்பர் போட்டுட்டா போட்டதுதாண்டி. அப்புறம் அது நம்ம கையில இல்ல" என்றாள்.

ஒட்டும் வேலையை எனக்குக் கொடுத்தாள். மதியத்துக்கு மேல் வந்த ஒரு கடிதத்தை மட்டும் இரண்டு தடவை படித்தாள். பேனாவை மூடினாள், திறந்தாள். பக்கத்து சீட்டில் அவளுடைய தோழி, கைக்குழந்தைக்காரி, தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். அவளை ஒருமுறை பார்த்துவிட்டு அம்மா நம்பர் போட்டாள். பெரம்பலூர் ஆபீஸுக்குப் போகும் கவர் அது.

"நல்லா அழுத்தி ஒட்டு. பிரிஞ்சிடக் கூடாது."

விரலெல்லாம் பசை வழிய அழுத்தினேன்.

திரும்பும்போது பஸ்ஸில் எத்தனை கவர் ஒட்டினேன் என்று பெருமையடித்துக்கொண்டே வந்தேன். அம்மா வேர்க்கடலை வாங்கித் தந்தாள். பசை காய்ந்த என் விரல்களைப் பெரம்பலூர் வரைக்கும் பிடித்திருந்தாள். அந்தக் கையின் சூடு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

முழுப் பரீட்சை வரைக்கும் தோப்புக்கரணத்தை நான் நிறுத்தவில்லை. அம்மா கேட்ட பெரம்பலூர் இடத்தை அந்தத் தோழிக்குக் கொடுத்த ஆர்டர்தான் அந்தக் கவரில் இருந்தது என்பதும், பிரியாதபடி அதை ஒட்டியவள் நானே என்பதும் எனக்கு அப்போது தெரியாது.