மணத்தக்காளித் தொட்டியில் முளைத்த ஊமத்தை

செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில், பிரதோஷத்தன்று சிவனுக்குப் பூச்சார்த்த ஓர் ஊமத்தைச் செடி வளர்த்தேன். பக்கத்துத் தொட்டியில் மணத்தக்காளிக் கீரை. அதில் ஊமத்தை விதை விழுந்து முளைத்திருந்ததைக் கவனிக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பறித்துப் பொரியல் செய்து மதியம் சாப்பிட்டேன்.

ஒரு மணி நேரத்தில் வாய் உலர்ந்தது. வெளிச்சத்தில் கண் கூசியது. பிறகு, மூன்று வருடங்களுக்கு முன் இறந்த என் கணவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதே நீலச் சட்டை.

"கோப்பி கொண்டா லா. எவ்வளவு நேரம் உக்காந்திருக்கிறது?" என்றார்.

கலக்கி வைத்தேன். வேலை முடிந்து வந்த மகள் பதறினாள். "அம்மா, யார்கிட்ட பேசுற? அங்க யாரும் இல்ல!"

"மெதுவா பேசு. அப்பா கோவிச்சுக்குவாரு," என்றேனாம்.

இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தேன். ஊமத்தையிலுள்ள அட்ரோபின், ஸ்கோபோலமின் ஆகியவை மூளை நரம்புகளுக்கிடையே செய்தி போவதைத் தடுத்து, இல்லாதவர்களைக் காட்டும், இதயத்தையும் தாறுமாறாக ஓடவைக்கும் என்றார் டாக்டர். "இன்னொரு கரண்டி சாப்பிட்டிருந்தா, நீங்களே அங்கிள்கிட்ட போயிருப்பீங்க ஆன்டி."

வீடு திரும்பியதும் செடியைப் பிடுங்கச் சொன்னாள் மகள். "நானே செய்றேன்" என்றேன். ஒரு வாரம் செய்யவில்லை. தினமும் அதன் முன் போய் நின்றேன். அவரை இன்னொரு முறை பார்க்கலாமே என்பதைத் தவிர வேறு காரணமில்லை. எட்டாம் நாள் மகளையே அழைத்துப் பிடுங்கச் சொன்னேன்.

இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வோர் இலையாகக் கீரை ஆய்கிறேன். பிரதோஷத்துக்கு வில்வம் மட்டும்தான். அவரைப் பார்க்க வேண்டும்போல் இருந்தால், மகளிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். அவளுக்கும் அப்படித்தான் இருக்கிறதாம்.