மலை மேப்பில் மீன் தேடிய சித்தப்பா

முந்தின ஐப்பசியில் படகு கவிழ்ந்ததிலிருந்து சித்தப்பா கடலில் இறங்கவில்லை. காசிமேட்டில் ஐஸ் உடைக்கப் போய்க்கொண்டிருந்தார். வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. கேலி பேசத்தான் தெருவே இருந்ததே.

ஒருநாள் யானைக்கவுனிப் பழைய பேப்பர் கடையிலிருந்து ஒரு வரைபடம் வாங்கிவந்தார். வெள்ளைக்காரன் காலத்துத் தாள். மடிப்பில் கிழியாமலிருக்கப் பின்னால் துணி ஒட்டியிருந்தது. முன்பக்கம் முழுக்க வளைவு வளைவாகக் கோடுகள், கோடுகளின் மேல் எண்கள்.

"அண்ணாத்தே, கடல் மேப்பு! எங்க எத்தினி ஆயம்னு எயிதி வச்சிகிறான். இந்த வட்டம்லாம் பாறை. பாறைகிட்ட மீனு மொய்க்கும்ல? அடில இன்னா கீதுன்னு தெரிஞ்சா அப்பால இன்னாத்துக்குப் பயம்?"

பயம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டோம்.

எங்கள் வீட்டில் முதன்முதலாக இங்கிலீஷ் எழுத்துக் கூட்டியவன் நான். கூட்டிப் பார்த்தேன். ஏதோ மலையூர்க் காடுகழனி அது. கோயில், கிணறு, மாட்டுவண்டிப் பாதை எல்லாம் இருந்தன.

"சித்தப்பா, கெணறுன்னு போட்டுகீது. கடல்ல யாரு கெணறு வெட்டுவா?"

"கடலுக்குள்ள நல்ல தண்ணி ஊத்து கீதுடா. ஆறாங்கிளாஸ் படிச்சிட்டு எனுக்கே பாடம் எடுக்குறியா?"

நைனா தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். கோபுரம் வரைந்திருந்த இடத்தில் அவர் விரல் கொஞ்சம் நின்றது.

"கரீட்டாத்தான் கீது. காலைல போலாம். நீயே சுக்கான் புடி" என்றார் தம்பியிடம்.

நான் வாயைத் திறப்பதற்குள் நைனாவின் கை என் வாயைப் பொத்தியது.

மறுநாள் வகுப்பில் கோபமாகவே உட்கார்ந்திருந்தேன். நான் சொன்னதை யாருமே நம்பவில்லையென்றால் பள்ளிக்கூடம் எதற்கு?

சாயங்காலம் வந்தால் வாசலில் அரைக்கூடை காரப்பொடி மீன். அவ்வளவுதான். உப்புப் பூத்த முகத்தோடு சித்தப்பா நடுவில் நின்று, "இன்னும் கொஞ்சம் வடக்கால போயிருந்தா வலையே கியிஞ்சிருக்கும்!" என்று அளந்துகொண்டிருந்தார். கூடை குறைந்தால் கத்துகிற அம்மா சிரித்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கும் போவீங்களா?" என்று கேட்டாள். "பின்ன, போவாம?" என்றார் சித்தப்பா. நைனா தெருவுக்கே டீ சொல்லியிருந்தார்.

தப்பான மேப்பு, டீசல் தண்டம், மீனும் இல்லை. இதற்கு எதற்கு இந்தக் கூத்து என்று எனக்கு விளங்கவேயில்லை. மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு, எனக்கு வந்த டீயைக் குடித்தேன்.