துஷாந்தி தெரிந்தெடுத்த ஸ்கீ

ஒரு தை மாதக் காலை, பாரிசின் லா சப்பல் மெற்றோ மேடையில், ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண் காலுறை இல்லாமல் செருப்போடு நடுங்கிக்கொண்டிருந்தாள். துஷாந்தி போய் அவளுக்குப் பக்கத்தில் இருந்தாள். சப்பாத்து நாடா கட்டுகிறவள் போலக் குனிந்தாள். நிமிர்ந்தபோது அவளுடைய தடித்த கம்பளிக் காலுறை இரண்டும் அந்தப் பெண்ணின் மடியில் இருந்தன. ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு, வந்த மெற்றோவில் ஏறிப் போய்விட்டாள். எதிர் மேடையில் நின்ற நான் எல்லாவற்றையும் கண்டேன். அதைப் பற்றி அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை.

துஷாந்திக்கு வீடு பாரிசுக்கு வெளியே, ஸ்தேனில். வேலை எங்கள் தெருவில், சாறிச் சட்டை தைக்கிற கடையில். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஆனால் அவளைப் பற்றி யாரும் பேசத் தொடங்கினால் தையலைப் பற்றிப் பேசுவதில்லை. பனிச்சறுக்கைப் பற்றித்தான் பேசுவார்கள்.

அகதியாக வந்த புதிதில் அரசாங்கம் அவளை சவுவா மலைப்பக்கத்து விடுதி ஒன்றுக்கு அனுப்பிவிட்டது. அங்கே ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலை. அந்த ஹோட்டல் சமையல்காரி சாண்ட்ரா தன் பழைய சறுக்குப் பலகைச் சோடியை, அதுதான் ஸ்கீயை, கொடுத்து, ஓய்வு நேரங்களில் இவளைப் பனியில் இறக்கிவிட்டாள். முதல் மாரி, அந்தப் பனிக்காலம் முழுக்க, விழுந்ததுதான். மாரிகள் போகப் போக, மலையில் பிறந்தவர்களே யோசித்து இறங்குகிற கறுப்புக் குறி போட்ட செங்குத்துப் பாதைகளில் இறங்கத் தொடங்கினாள். கலியாணம் கட்டிப் பாரிசுக்கு வந்த பிறகும் மாசியில் ஒரு கிழமை மலைக்குப் போகாமல் விட்டதில்லை.

கடைக்கு வருகிறவர்கள் சும்மா விடுவார்களா?

"என்ன துஷா, இந்த வருசமும் சறுக்கப் போறீரோ? இஞ்சை மெற்றோப் படியிலையே சறுக்கலாமே!"

"படியிலை விழுந்தா நீங்கள் ஒருத்தரும் தூக்க மாட்டியள் அக்கா. அங்கையெண்டா ஹெலிகொப்ரர் வரும்."

அந்தப் பகிடி போன வருசம் உண்மையாகிவிட்டது.

அவளுடைய கணவர் தவரத்தினம் நல்ல மனிதர். உணவகம் ஒன்றில் சமையல் வேலை. கலியாண நாளுக்கு ஆசையாக அவளுக்குப் புது ஸ்கீ வாங்கிக் கொடுத்தார். கடையில் அவர் கேட்டது, "பெண்களுக்கானது, பாரமில்லாதது, மெதுவானது." ஊதாப் பூப்போட்ட அழகான சோடி. பழகுகிறவர்களுக்கு அது சரி. இருபது வருசமாக வேகமாக இறங்குகிறவளுக்கு அது கடதாசி மாதிரி. காலை வெயில் படாத இறுகின பனியில் அவள் திரும்பியபோது நுனி படபடவென்று அடித்து, ஓரம் பிடி விட்டு, முழங்கால் பிரண்டுபோனது.

ஹெலிகொப்ரர் வந்தது. லா சப்பல் முழுக்கச் செய்தியும் வந்தது. கோயிலில், மரக்கறிக்கடையில், எங்கே கண்டாலும் அவளுக்கு ஒரே புத்திமதி. "போதும் பிள்ளை. வயதுக்கேத்ததைச் செய்யும்."

அடுத்த மாரி வர, கால் சுகம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். தவரத்தினம் சொல்லவில்லை.

"இனி மலை வேண்டாம். நான் கெஞ்சிக் கேக்கிறன்" என்றார். அப்போது நானும் அவர்கள் வீட்டில் இருந்தேன்.

"என்னை விழுத்தினது மலையில்லை. அந்தப் பூப்போட்ட கட்டை."

அவர் முகம் சுருங்கிப் போய்விட்டது. துஷாந்தி குசினிக்குள் வந்து என் கையைப் பிடித்தாள். "அக்கா, இந்த மாரி போகாட்டி நான் இனிப் போகவே மாட்டன். பயம் வந்து நெஞ்சிலை குந்தியிடும். அதுக்குப் பிறகு ஆர் தள்ளினாலும் எழும்பாது."

கடைசியில், நானும் கூடப் போவதென்றால் சரி என்று தவரத்தினம் இறங்கி வந்தார். முருகன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு நானும் ஒரு வெறுந்தேத்தண்ணிப் பிளாஸ்கோடு கிளம்பினேன்.

மலையடிவாரக் கடையில் அலெக்சிஸ் என்றொரு பொடியன். அங்கே வாங்குவதற்கு முன் பனியில் ஓட்டிப் பார்க்கலாம். அவன் துஷாந்தியைப் பார்த்தான், அவள் முழங்காலில் கட்டியிருந்த பட்டியைப் பார்த்தான், மெல்லிய சோடி ஒன்றை எடுத்து வந்தான். அவள் அதைத் தொடவும் இல்லை.

"ஆம்பிளையளின்ரை எங்கை? உள்ளுக்கை இரும்புத் தகடு வைச்சது, நீளமானது" என்று பிரெஞ்சில் கேட்டுவிட்டு, எனக்காகத் தமிழிலும் சொன்னாள். அலெக்சிஸ் வாதாடவில்லை. அவளிலும் பார்க்க உயரமான ஒரு சோடியைக் கொடுத்தான்.

அவள் அதோடு மேலே போக, நான் கீழே வாங்கொன்றில் குந்தியிருந்து முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நேர்கோடு மாதிரி வந்தாள். பனி இரண்டு பக்கமும் பறந்தது. நிற்கும்போதுதான் தொடை இரண்டும் நடுங்குவது தெரிந்தது.

"இதுதான்" என்றாள் மூச்சு வாங்க.

"துஷா, உன்ரை முகம் வேறை சொல்லுது."

"முகத்தை விடுங்கோ. எனக்கு மெல்லிசு தந்தவங்களுக்கெல்லாம் இதாலை காட்ட வேணும்."

"காட்டு. ஆனா அவையள் ஒருத்தரும் இஞ்சை இல்லை. நீதான் நாள் முழுக்க இதைத் திருப்ப வேணும்."

என்னை முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "ஓம் அக்கா. இது என்னை இழுத்துக்கொண்டு போகுது. நான் திருப்பிறதுக்கு முதல் தான் நினைச்ச இடத்துக்குப் போயிடுது."

அப்போதுதான் அவள் ஆறுதலாக இருந்து அலெக்சிஸோடு பேசினாள். இறுகின பாதை, மத்தியானத்துக் கஞ்சிப் பனி, பாதைக்கு வெளியே கிடக்கிற புதுப்பனி, எல்லாவற்றிலும் ஓட வேண்டும் என்றாள். முழு மலைக்கும் ஒரே சோடி. அதற்குக் காலடியில் ஒன்பது சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் அகலம் போதும், கூடினால் இறுகின பனியில் ஓரம் மாற்றப் பிந்தும் என்றான் அவன். நுனி கொஞ்சம் மேலே வளைந்தால் புதுப்பனியில் புதையாது. நீளம் நெற்றியளவு. தகடு வேண்டும், ஆனால் அவளுடைய பாரத்துக்கு ஏற்ற தகடு. பெண்களுக்கென்று செய்ததிலும் அப்படி விறைப்பானது இருக்கிறதாம். ஆனால் கேட்கிறவர்கள் குறைவாம்.

"கேக்க விட்டாத்தானே கேப்பம்" என்றாள் துஷாந்தி.

அவன் எடுத்துத் தந்த அப்படியொரு சோடியோடு அடுத்த நாள் காலையில் போனவள், வெயில் ஏறிப் பனி இளகின பிறகும் நிறுத்தவில்லை, திரும்பத் திரும்ப ஏறி இறங்கினாள். கடைசியாக வந்து என் பிளாஸ்க்கை வாங்கிக் குடித்தாள்.

"எப்பிடி?"

"நான் சொல்லுறதைக் கேக்குது. ஆனா எல்லாத்துக்கும் தலையாட்டுறேல்லை. எனக்கு இப்பிடி ஒண்டுதான் வேணும்."

பாரிசுக்குத் திரும்பிய வெள்ளிக்கிழமை, புது ஸ்கீயைப் பின்தெருவில் இருக்கிற எங்கள் சின்ன முருகன் கோயிலுக்குக் கொண்டு வந்தாள். புதுக் கார் வாங்கினால் எல்லோரும் கொண்டு வந்து பூசை செய்விக்கிறதுதானே. தவரத்தினம் அதைத் தோளில் சுமந்து வந்தார். வாசலில் கோயில் பொறுப்பாளர் குலசேகரம் மறித்தார்.

"பிள்ளை, என்ன இது? காலிலை போடுறதைக் கோயிலுக்குக் கொண்டு வாறீரோ?"

"காலிலை போடுறது சப்பாத்து அண்ணை. அதை வீட்டிலை விட்டிட்டன். இது வாகனம்."

"வாகனமோ? சில்லு எங்கை?"

சனம் சிரித்தது. துஷாந்தி அசையவில்லை. "மயிலுக்குச் சில்லு இருக்கோ அண்ணை? உங்கடை புதுக் காருக்கு இஞ்சைதானே தேங்காய் உடைச்சனீங்கள். அதையும் காலாலைதான் மிதிச்சு ஓட்டுறியள். முருகனும் மலையிலை நிக்கிறவர். நானும் மலைக்குத்தான் போறன்."

குலசேகரத்தின் முகம் சிவந்தது. "தவம், நீராவது உம்மடை மனிசிக்குச் சொல்லும். ஒருக்கா விழுந்தது காணாதோ?"

தவரத்தினம் ஸ்கீயை மெதுவாக நடைபாதையில் வைத்தார். "நான் தெரிஞ்செடுத்ததிலைதான் அண்ணை அவ விழுந்தவ. இது அவ தெரிஞ்செடுத்தது."

சொல்லிவிட்டு, கோட்டுப் பையிலிருந்து இரண்டு தேசிக்காயை எடுத்துக் காருக்கு வைக்கிற மாதிரியே ஸ்கீக்குக் கீழே வைத்து, மேலே ஓர் அமத்து அமத்தினார். சாறு தெறித்தது.

"ஐயோ, இஞ்சாருங்கோ! அடியிலை மெழுகு பூசியிருக்கு! புளி படக்கூடாது!" துஷாந்தி குந்தி இருந்து சாறித் தலைப்பால் துடைத்தாள். அவரும் தன் கைக்குட்டையால் மற்றதைத் துடைத்தார். சனம் இப்போது வேறு மாதிரிச் சிரித்தது. குலசேகரம் கையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். ஐயர் வெளியே வரவில்லை. தேங்காயைத் தவரத்தினமே தெருவில் உடைத்தார். நான் உள்ளே போய் விபூதி எடுத்து வந்து இரண்டு நுனியிலும் பூசினேன். முருகன் வாசலுக்கு வெளியேயும் பார்ப்பார் என்றுதான் நான் நம்புகிறேன்.

பிறகு சாண்ட்ரா வேலை செய்கிற ஹோட்டலில் மாரி முடியும்வரை வேலை கிடைத்து அவள் மலைக்குப் போனாள். வழியனுப்பக் கார் து லியோன் ரயில் நிலையத்துக்கு நானும் தவரத்தினமும் போனோம். அதற்குப் பிறகு நான் அவளை இன்னும் காணவில்லை. அன்று ரயில் பெட்டிக்குள் ஏறுகிறபோது, "கவனமாப் போயிட்டு வா பிள்ளை, விழுந்திடாதை" என்றேன்.

அவள் ஸ்கீப் பையை அணைத்துக்கொண்டு திரும்பினாள்.

"விழுவன் அக்கா. விழாமல் ஆர் சறுக்கிறது? ஆனா இனி விழுந்தா என்ரை பிழையிலை விழுவன். எழும்பிறதும் நானாத்தான் எழும்புவன்."