அவள் சொல்லாத பெயர்

மண்சரிவில் சிக்கியவர்களை மீட்கப்போய் உயிர்விட்டவனுக்கு அரசாங்கப் பதக்கம். பதுளைக் கச்சேரி அலுவலகத்தில் அவன் மனைவி நின்றாள். "புருசன் பேரச் சொல்லி வாங்கிக்கம்மா" என்றார் கிளாக்கர். அவள் தலைகுனிந்தாள். கூரையில் மழை இரைந்தது. வரிசையில் அவளுக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன்.

நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தபோது எனக்கு ஏழு வயது. அன்றும் இப்படித்தான் மழை. கீழ் லயத்து வீடுகளை மண் மூடிவிட்டது. கங்காணியான அப்பா சேற்றின்மேல் நின்று, காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பதுபோல் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். குரல் வந்த இடத்தில் தோண்டினார்கள். தன் பெயர் வராமல் யாரும் வாய்திறக்கக் கூடாது என்பது பெரட்டுப் பழக்கம். மண்ணுக்கடியில் கிடந்தவர்களும் அதை விடவில்லை.

தோட்டத்துக்குப் புதிதாக வந்த ஒருத்தியின் கணவனும் உள்ளே இருந்தான். அவன் பெயர் அப்பாவுக்குத் தெரியாது.

"பேரு என்னம்மா?"

"கதிர்காமத்து சாமி பேருங்க."

"முருகா! வேலு! கந்தா!"

பதிலில்லை. மேலே மலை உறுமியது. "எல்லாரும் ஓடுங்க!" என்று அப்பா கத்தினார். அப்போதுதான் அவள், "ஆறுமுகம்!" என்று அலறினாள்.

"இங்கதாங்க இருக்கேன்" என்றது காலடியில் ஒரு குரல். அதன்மேல் மலை இறங்கியது.

கிளாக்கர் மறுபடி கேட்டார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்லிரும்மா, சீக்கிரம்" என்று கத்திவிட்டேன்.